பாலைவனத்தில் ஆலிவ்: பிழைப்பது வேறு, காய்ப்பது வேறு

சகாரா பாலைவனத்தின் நடுவே, அல்ஜீரியாவின் தென்கோடியில், ஹோகார் என்றொரு மலைத்தொடர் இருக்கிறது. எரிமலைப் பாறைகளும் வறண்ட ஓடைகளுமான இடம். அங்கே பாறை இடுக்குகளில் ஒன்றிரண்டாக ஆலிவ் மரங்கள் நிற்கின்றன. யாரும் நட்டவை அல்ல. லாப்பெரின் ஆலிவ் என்று பெயர் பெற்ற காட்டு இனம். அடுத்தடுத்து மழை பொய்த்தாலும் அவை சாவதில்லை. தண்டு பட்டுப்போனால் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கின்றன. ஆனால் காய் விழுந்து, விதை முளைத்து, புதுக் கன்று ஒன்று தலைதூக்குவது அங்கே மிக அரிது.

இந்த மரத்தைப் புரிந்துகொண்டால் பாலைவன ஆலிவ் சாகுபடியில் பாதி புரிந்துவிடும். ‘ஆலிவ் வறட்சி தாங்கும் மரம்’ என்று எங்கே பார்த்தாலும் எழுதியிருக்கிறார்கள். அது உண்மைதான். அதை மட்டும் நம்பிக் கன்று வாங்கி நட்டவர்கள் ஐந்தாறு வருஷம் கழித்துப் பச்சைப்பசேல் என்ற மரங்களையும் வெறும் கிளைகளையும் பார்த்துக்கொண்டு நின்றதும் உண்மைதான். வறட்சியில் உயிர் தரிப்பது ஒரு திறமை. எண்ணெய் பிழியும் அளவுக்குக் காய் தருவது வேறு கணக்கு. அந்தக் கணக்கில் தண்ணீரைவிடக் குளிருக்கும் உப்புக்கும் நிறைய இடம் உண்டு.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ் வேதாகமத்தில் இது ஒலிவமரம். நம் முஸ்லிம் வீடுகளில் ஜைத்தூன். கடையில் ஆலிவ். மூன்றும் ஒன்றுதான். நம் மல்லிகை இதற்குச் சொந்தக்காரப் பூ. இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். ஆலிவின் பூவும் வெள்ளைதான். நான்கே இதழ், அரிசி மணி அளவு, கொத்துக் கொத்தாக. ஆனால் மல்லிகையைப் போல வண்டுகளை வாசம் காட்டி அழைத்து வாழ்கிற பூ அல்ல. ஆலிவின் மகரந்தத்தைச் சுமப்பது பெரும்பாலும் காற்று.

இலையும் வேரும் செய்கிற வேலை

ஆலிவ் இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் வெள்ளி பூசியது போல் இருக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் அந்த வெள்ளி, ஒன்றின்மேல் ஒன்று படிந்த குட்டிக் குட்டிக் கேடயங்களாகத் தெரியும். இலை மூச்சுவிடும் துளைகள் எல்லாம் அந்தப் பக்கத்தில், அந்தக் கேடயங்களுக்கு அடியில்தான் இருக்கின்றன. காற்று நேரடியாகப் பட்டு ஈரத்தை உறிஞ்ச முடியாது. மேல்பக்கம் தோல் போலத் தடித்து, மெழுகு பூசி, வெயிலைத் தாங்குகிறது. மதிய வெயில் ஏறும்போது மரம் துளைகளைக் கிட்டத்தட்ட மூடிவிடும். காலையில்தான் அதன் உழைப்பு.

வேரின் திறமை இன்னும் பெரிது. மண் காயக் காய, மிஞ்சிய ஈரம் மண்துகளை இறுகப் பிடித்துக்கொள்ளும். அதைப் பிய்த்து எடுக்க வேர் மேலும் மேலும் பலமாக இழுக்க வேண்டும். பெரும்பாலான பயிர்கள் ஏறத்தாழ 15 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) இழுவிசைவரை சமாளித்துவிட்டுப் பிறகு வாடிப்போகும். ஆலிவ் 25 பார்வரை இழுக்கும். பக்கத்து வயலில் கம்பு கருகிய பிறகும் இந்த மரம் அதே மண்ணில் கொஞ்சம் ஈரம் கண்டுபிடித்துக்கொள்ளும்.

ஒன்றை மட்டும் இந்த மரம் பொறுக்காது: வேரைச் சுற்றித் தண்ணீர் தேங்குவது. வறட்சியில் சாகாத ஆலிவ், வடிகால் இல்லாத களிமண்ணில் ஒரே மழைக்காலத்தில் அழுகிச் சாகும். பாலைவன மணல் அந்த வகையில் அதற்கு நல்ல வீடு. பாலைவனத்தில் கிடைக்கும் இன்னொரு நன்மையைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. மத்தியதரைக்கடல் நாடுகளில் ஆலிவுக்கு முதல் எதிரி, காயைத் துளைத்து முட்டையிடும் ஆலிவ் ஈ. கோடை வெயில் கடுமையாக ஏறும் இடங்களில் அதன் முட்டையும் புழுவும் பிழைப்பது கடினம். ஈரக் காற்றில் பரவும் இலைப்புள்ளி நோயும் பாலையில் குறைவு. மருந்தடிக்கும் செலவு அந்த அளவுக்கு மிச்சம்.

இதுவரை எல்லாம் மரத்துக்குச் சாதகம். சிக்கல் பூவில் தொடங்குகிறது.

குளிர் பட்டால்தான் பூ

ஆலிவ் எப்போதும் பச்சையாக நிற்கும் மரம். ஆகவே அது குளிர்காலத்தில் உறங்குவது வெளியே தெரியாது. ஆனால் இலைக் கக்கத்தில் இருக்கும் மொட்டு, இலைக் கிளையாக வளர்வதா, பூங்கொத்தாக விரிவதா என்பது அந்தக் குளிரில்தான் முடிவாகிறது. இரவில் சில டிகிரிவரை இறங்கி, பகலில் 15 முதல் 19 டிகிரிவரை ஏறுகிற வாரங்கள் தொடர்ந்து வேண்டும். குளிர் மட்டும் போதாது. பகலில் மிதமான வெதுவெதுப்பும் சேர வேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட 12, 13 டிகிரியிலேயே மரத்தை வைத்திருந்தாலும் நன்றாகப் பூக்கும் என்று கலிபோர்னியாவில் நடந்த சோதனைகள் காட்டின. இந்தக் குளிர் கிடைக்காத மரம் செழிப்பாக வளரும், கிளை விடும், நிழல் தரும். பூக்காது. பூத்தாலும் ஏதோ ஒரு கிளையில் நாலு பூ.

இதனால்தான் உலக வரைபடத்தில் ஆலிவ் தோப்புகள் இரண்டு பட்டைகளில் மட்டும் தெரிகின்றன. பூமத்தியரேகைக்கு வடக்கிலும் தெற்கிலும் ஏறத்தாழ 30 முதல் 45 டிகிரிவரை. அதற்கு வெளியே இருப்பவற்றில் பல, மலை உயரத்தாலோ குளிர்ந்த கடல் நீரோட்டத்தாலோ தப்பிப் பிழைப்பவை. பெருவின் தெற்கிலும் சிலியின் வடக்கிலும் அட்டகாமா பாலைவனத்தை ஒட்டிய பள்ளத்தாக்குகளில் ஆலிவ் காய்ப்பது அப்படித்தான். பசிபிக்கின் குளிர்ந்த நீரோட்டம் அந்தக் கரையை ஆற்றி வைக்கிறது.

இங்கேயே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிடலாம், ஏனென்றால் வறண்ட நிலம் வைத்திருக்கும் பலர் இதைக் கேட்கிறார்கள்: ராமநாதபுரத்தில் நட்டால் வருமா? மரம் வரும். காய் வராது. அங்கே ஜனவரி இரவிலும் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். மழை குறைவு என்ற ஒரே ஒற்றுமையை வைத்துக்கொண்டு அந்த மண்ணையும் ஆலிவ் நாட்டையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. தொட்டியில் அழகுக்கு வளர்க்க ஆசைப்பட்டால் தாராளமாக வளர்க்கலாம். முதலீடு என்று யாராவது கன்று விற்க வந்தால், ‘இந்த ஊரில் ஜனவரி இரவு எத்தனை டிகிரி’ என்று முதலில் கேளுங்கள்.

குளிரிலும் ஓர் எல்லை இருக்கிறது. பூஜ்யத்துக்குக் கீழே 7 டிகிரி போனால் கிளைகள் அடிபடும். 10, 12 என்று போனால் மரமே போகும். 1956 பிப்ரவரியில் தெற்கு பிரான்ஸிலும், 1985 ஜனவரியில் இத்தாலியின் டஸ்கனியிலும் உறைபனி ஆலிவ் தோப்புகளை அழித்துவிட்டது. தூரிலிருந்து துளிர்த்த மரங்களை வைத்துத்தான் பல விவசாயிகள் மீண்டும் தொடங்கினார்கள். பாலைவனத்தில் வானம் தெளிவாக இருப்பதால் இரவில் வெப்பம் விரைவாக வெளியேறிவிடும். குளிரும் தெளிந்த இரவுகளும் சேரும்போது பள்ளமான இடங்களில் குளிர்காற்று தேங்கும். அங்கே கன்று நடாமல் மேட்டுச் சரிவில் நடுவது பழைய பழக்கம்.

இந்தக் குளிர்க் கணக்கை மிகத் தெளிவாகக் காட்டிய பாலைவனம் நம் நாட்டில்தான் இருக்கிறது. 2007-இல் ராஜஸ்தான் அரசு, இஸ்ரேலிய நிறுவனம் ஒன்றையும் புனே நிறுவனம் ஒன்றையும் சேர்த்துக்கொண்டு ஆலிவ் சாகுபடிக்கென்றே தனி நிறுவனம் தொடங்கியது. இஸ்ரேலிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கன்றுகள் வந்தன. பர்னியா, அர்பெகினா, கோரட்டினா, பிக்குவல், கொரோனெய்கி, ஃபிரான்டோயோ, பிஷோலின் என்று ஏழு ரகங்கள். 182 ஹெக்டேர் அரசுப் பண்ணைகளில், சொட்டு நீர்க் குழாய் போட்டு நட்டார்கள். பிக்கானேர் மாவட்டத்தில் லூங்கரன்சரில் 2014-இல் எண்ணெய் ஆலையும் திறந்தார்கள்.

பிக்கானேரில் ஜனவரி இரவு 6, 7 டிகிரிவரை இறங்கும். பகல் 22, 23. மொட்டுக்கு வேண்டிய குளிர் ஓரளவு கிடைக்கிறது. மரங்கள் பூத்தன, காய்த்தன, எண்ணெயும் வந்தது. ஆனால் எதிர்பார்த்த விளைச்சல் பல தோட்டங்களுக்கு வரவில்லை. காரணம் குளிர்காலத்தில் பாதி, அதற்குப் பிறகு வரும் வாரங்களில் பாதி. மத்தியதரைக்கடல் ஓரத்தில் குளிர் மெல்ல விலகும்; இளவேனில் இரண்டு மாதம் நிதானமாக இருக்கும்; அந்த நிதானத்தில் பூ விரிந்து பிஞ்சு பிடிக்கும். தார் பாலைவனத்தில் அந்த இளவேனில் கிட்டத்தட்ட இல்லை. மார்ச்சில் 32, ஏப்ரலில் 40 என்று வெயில் பாய்கிறது. பூ மலர்கிற நேரத்தில் சுடுகாற்று வீசினால் மகரந்தம் காய்ந்துவிடும்; சூல்முடியில் ஈரம் இருக்காது. குளிர் கொஞ்சம் குறைந்த வருஷமும், வெயில் முந்திய வருஷமும் சேர்ந்து வந்தால் மரம் முழுக்கப் பூத்தும் கை நிறையக் காய் இராது. இலையைத் தேநீர்த் தூளாக்கி விற்கும் முயற்சி அங்கே தொடங்கியதை இந்தப் பின்னணியில் பார்த்தால் நியாயம் புரியும். இலைக்குக் குளிர் தேவையில்லை.

அந்தத் திட்டத்தைத் தோல்வி என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. எந்த ரகம் எந்த மாவட்டத்தில் பூக்கிறது என்பதை மரம் நட்டுப் பத்து வருஷம் காத்திருக்காமல் யாராலும் சொல்லியிருக்க முடியாது. ஆனால் அந்தப் பத்து வருஷத்தை அரசுப் பண்ணை தாங்கலாம். நாலு ஏக்கர் வைத்திருக்கும் குடும்பம் தாங்க முடியாது. சோதனை முடியும் முன்பே விவசாயியின் நிலத்துக்குக் கன்று போகக் கூடாது என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.

பூ சம்பந்தமாக இன்னும் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஆலிவ் ரகங்கள் பலவும் தன் மகரந்தத்தைத் தானே சரியாக ஏற்பதில்லை. ஆகவே ஒரே ரகத்தை நூறு ஏக்கருக்கு நடாமல், ஒரே சமயத்தில் பூக்கிற இன்னொரு ரகத்தை வரிசை வரிசையாக இடையில் கலக்கிறார்கள். அப்படிச் செய்தும் நூறு பூவுக்கு ஒன்றிரண்டுதான் காயாகும். அதுவே நல்ல விளைச்சல். அடுத்தது, நம் மாமரத்தில் பார்க்கிற அதே குணம்: ஒரு வருஷம் கொட்டும், மறு வருஷம் சும்மா நிற்கும். ஆலிவ் பூப்பது போன வருஷம் வளர்ந்த இளங்கிளையில். காய் நிறையச் சுமக்கிற வருஷத்தில் மரத்துக்குப் புதுக் கிளை விடத் தெம்பு இருக்காது. கிளை இல்லாததால் அடுத்த வருஷம் பூ இருக்காது. கவாத்து செய்வதும், அறுவடையைத் தள்ளிப்போடாமல் முடிப்பதும் இந்த ஏற்ற இறக்கத்தைக் குறைக்கத்தான்.

தண்ணீருக்கு மூன்று வழி

பாலைவனத்தில் ஆலிவ் தண்ணீர் குடிப்பதற்கு மனிதன் கண்டுபிடித்த வழிகள் மூன்று. மரங்களை விலக்கி நடுவது, ஓடும் மழையைப் பிடிப்பது, குழாயில் கொண்டுவருவது.

முதல் வழிக்குத் துனிசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகரத்துக்குப் போக வேண்டும். ஆண்டு மழை 200 மில்லிமீட்டர் அளவில்தான். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தப் பக்கத்து உள்நாட்டுப் பகுதி வெறும் மேய்ச்சல் பொட்டலாகக் கிடந்தது. பிரெஞ்சு ஆட்சியில் வேளாண்மைத் துறையைக் கவனித்த பால் பூர்த் அங்கே பயணம் செய்தபோது, மரமே இல்லாத வெளியில் ரோமானியர் காலத்து எண்ணெய்ச் செக்குகளின் கற்கள் சிதறிக் கிடப்பதைப் பார்த்தார். செக்கு இருந்தால் தோப்பும் இருந்திருக்க வேண்டும். 1893-இல் அவர் கொடுத்த அறிக்கை, மீண்டும் ஆலிவ் நடலாம் என்றது. அந்த ஊகம் சரிதான். சற்றுத் தொலைவில் எல் ஜெம் என்ற சிற்றூரில், கொலோசியத்தை ஒத்த பிரம்மாண்டமான ரோமானிய வட்டரங்கம் இன்றும் நிற்கிறது. எண்ணெய் வியாபாரத்தில் கொழித்த ஊர் அது.

ஸ்ஃபாக்ஸ் விவசாயிகளின் ரகசியம் இடைவெளி. ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் 24 மீட்டர். ஹெக்டேருக்கு 17 மரம்தான். முதலில் பார்க்கிறவருக்கு நிலத்தை வீணடிக்கிறார்கள் என்று தோன்றும். கணக்குப் போடுங்கள். 24 மீட்டருக்கு 24 மீட்டர் என்றால் 576 சதுர மீட்டர். அதில் 200 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,15,000 லிட்டர். அத்தனையும் ஒரே மரத்தின் பங்கு. அந்த 576 சதுர மீட்டரில் ஒரு புல்கூட முளைக்க விடமாட்டார்கள். மழை ஓய்ந்ததும் மேல்மண்ணை லேசாகக் கீறிவிடுவார்கள். மேலே காய்ந்த மணல் ஒரு போர்வையாகி, அடியில் உள்ள ஈரத்தை வெயில் எடுக்காமல் காக்கும். செம்லாலி என்ற அவர்கள் ரகத்தின் வேர் பக்கவாட்டில் வெகுதூரம் ஓடி, அந்தப் போர்வைக்கு அடியில் குடித்துக்கொண்டிருக்கும். பம்பும் இல்லை, குழாயும் இல்லை. எனக்குத் தெரிந்த மானாவாரி விவசாயத்தில் இவ்வளவு அழகான கணக்கு வேறு இல்லை.

மழை 100 மில்லிமீட்டர் அளவுக்குக் குறைந்தால் இந்த வழி போதாது. இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில், அவ்தாத் என்ற பழைய நகரத்தைச் சுற்றி, நபாத்தியர்கள் என்ற பழங்கால அரபு வணிக மக்களும் அவர்களுக்குப் பின்வந்த பைசாந்தியர் (கிழக்கு ரோமப் பேரரசு) காலத்தவரும் இரண்டாவது வழியைக் கையாண்டிருக்கிறார்கள். அந்த மண் காற்று கொண்டுவந்து படியவைத்த நுண்மண். மழைத்துளி பட்டதும் மேற்பரப்பு ஓடு போல இறுகிவிடும். தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்து ஓடும். விவசாயிக்குக் கெட்ட செய்தியான இதையே அவர்கள் முதலாக்கினார்கள். சரிவுகளில் சின்னச் சின்ன வரப்புக் கால்கள் வெட்டி, ஓடிவரும் நீரைப் பள்ளத்தில் கல்சுவர் கட்டிய பாத்திகளுக்குத் திருப்பினார்கள். நம் கண்மாய்க்கு வரத்துக்கால் வெட்டும் அதே யோசனைதான். இங்கே கண்மாய்க்குப் பதில் தோட்டத்தின் மண்ணே தண்ணீரைச் சேமிக்கிறது. ஒரு பங்கு தோட்டத்துக்கு 20, 30 பங்கு சரிவு நீர் தந்தது. தாவரவியலாளர் மைக்கேல் எவெனாரியும் அவருடைய கூட்டாளிகளும் 1950-களின் இறுதியில் அந்தச் சிதைந்த வரப்புகளைச் செப்பனிட்டு, அதே முறையில் பழமரங்கள் வளர்த்துக் காட்டினார்கள்.

மூன்றாவது வழி எல்லோருக்கும் தெரிந்தது. சொட்டு நீர்ப் பாசனக் குழாயை வணிக அளவில் தயாரிப்பது 1965-இல் அதே நெகேவில், ஹட்ஸெரிம் என்ற கூட்டுப்பண்ணையில் தொடங்கியது. அந்த யோசனைக்குச் சொந்தக்காரரான பொறியாளர் சிம்கா பிளாஸ், கசிகிற குழாய்ப் பக்கத்தில் நின்ற ஒரு மரம் மட்டும் மற்றவற்றைவிட ஓங்கி வளர்ந்ததைப் பார்த்தபோது பொறி தட்டியதாகச் சொல்லியிருக்கிறார். சொட்டுநீர் வந்ததும் 24 மீட்டர் இடைவெளி 7 மீட்டராக, 4 மீட்டராகச் சுருங்கியது. ஆண்டுக்கு 500 மில்லிமீட்டர் மழைக்குச் சமமான தண்ணீரைக் குழாய் வழியே கொடுக்கிற தோப்புகள் வந்தன.

கொடுப்பது எவ்வளவு என்பதைவிட எப்போது என்பது முக்கியம். இளவேனிலில், பூவும் பிஞ்சும் நிற்கிற நேரத்தில் மரம் தாகப்பட்டால் அந்த வருஷம் போயிற்று. நடுக்கோடையில், காய்க்குள் கொட்டை இறுகுகிற வாரங்களில் தண்ணீரைப் பாதியாகக் குறைத்தாலும் பெரிய இழப்பில்லை. மரம் அப்போது பொறுத்துக்கொள்ளும். கொட்டை இறுகி முடிந்து, சதையில் எண்ணெய் ஏறத் தொடங்கும்போது மறுபடி தாராளமாகக் கொடுக்க வேண்டும். வெயில் உச்சத்தில் இருக்கும்போது நிறையத் தண்ணீர் விட வேண்டும் என்றுதான் நம் மனசு சொல்லும். ஆலிவ் விஷயத்தில் அங்கேதான் மிச்சப்படுத்தலாம்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. சவூதி அரேபியாவின் வடக்கில் அல் ஜவ்ஃப் பிரதேசம் இன்று ஆலிவுக்குப் பேர்போனது. அங்குள்ள ஒரு பண்ணை 7,730 ஹெக்டேரில் 50 லட்சம் மரங்களுடன் 2018-இல் உலகின் மிகப் பெரிய நவீன ஆலிவ் பண்ணை என்று கின்னஸில் இடம்பிடித்தது. வேலி போல நெருக்கி நட்டு, வரிசையின் மேலேயே இயந்திரம் ஓட்டி அறுவடை செய்கிறார்கள். அத்தனை மரங்களும் குடிப்பது ஆழ்துளைக் கிணற்று நீர். அரேபியாவில் மழை அதிகமாக இருந்த பழங்காலத்தில், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன், பாறைக்குள் இறங்கித் தங்கிய நீர் அது. இன்றைய மழை அதை ஈடுசெய்வதில்லை. எண்ணெய்க் கிணற்றிலிருந்து எடுப்பது போலத்தான், எடுத்தது எடுத்ததுதான். ஸ்ஃபாக்ஸில் 17 மரமும் வானத்து நீரில் வாழ்வதையும், இங்கே 50 லட்சம் மரம் பாட்டன் சொத்தில் வாழ்வதையும் ஒரே ‘பாலைவன ஆலிவ்’ என்ற பெயரில் சேர்ப்பது எனக்கு உறுத்துகிறது.

உப்போடு வாழ்வது

பாலைவனத்து நிலத்தடி நீர் பெரும்பாலும் சப்பைத் தண்ணீர். நெகேவிலும் அப்படித்தான். அங்கே 1943-இல் அமைந்த ரெவிவிம் கூட்டுப்பண்ணையில், குடிக்க உதவாத அந்த உவர் நீரைக் கொண்டே ஆலிவ் வளர்த்து எண்ணெய் எடுக்கிறார்கள். கோதுமையைவிடவும் பருத்தியைவிடவும் ஆலிவ் உப்பைத் தாங்குவதில் சிறந்தது என்று சொல்லிவிட முடியாது. பழமரங்களுக்குள் அது தைரியசாலி. வேர் வழியே வரும் சோடியத்தை வேரிலேயே பெரும்பகுதி நிறுத்தி வைத்து, இலைக்குப் போகாமல் தடுக்கும். அந்தத் தடுப்பு உடைந்தால் இலை நுனி கருகத் தொடங்கும். ரகத்துக்கு ரகம் இந்தத் திறன் மாறும். இஸ்ரேலில் உருவாக்கிய பர்னியா இதில் பெயரெடுத்த ரகம்.

தண்ணீரின் உப்பை மின்கடத்துத் திறனால் அளக்கிறார்கள். நெகேவ் சோதனைத் தோப்புகளில் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸ் என்ற அளவுக்குச் சற்று மேலான நீரையும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 4 என்றால் லிட்டருக்கு ஏறத்தாழ இரண்டரை கிராம் உப்பு. கடல் நீரில் 35 கிராம் இருப்பதோடு ஒப்பிட்டால் கொஞ்சம்தான். ஆனால் அந்தத் தண்ணீரை ஒரு ஹெக்டேருக்கு ஆண்டில் 5,000 கன மீட்டர் விட்டால் பன்னிரண்டரை டன் உப்பை நிலத்தில் கொட்டியதாகும். ஒவ்வொரு ஆண்டும். தண்ணீரை மரம் குடித்துவிடும், வெயில் குடித்துவிடும். உப்பை யாரும் குடிப்பதில்லை. அது மண்ணிலேயே நிற்கும்.

ஆகவே மரத்துக்கு வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் விட்டு, உப்பை வேருக்குக் கீழே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். பாலைவனத்தில் தண்ணீரைக் கூடுதலாக விடுவதா என்று கேட்கத் தோன்றும். உவர் நீரில் அது வீணல்ல, கழுவுகிற கூலி. அடியில் தண்ணீர் வடிய வழியில்லாத நிலத்தில் இந்தக் கழுவலும் நடக்காது. அப்படிப்பட்ட நிலத்தை விட்டுவிடுவதே நல்லது.

சொட்டு விழும் இடத்தைச் சுற்றி மண்ணில் ஒரு வட்டம் ஈரமாக இருக்கும். நீர் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகும்போது உப்பையும் தள்ளிக்கொண்டு போகும். சில மாதங்களில் ஈர வட்டத்தின் விளிம்பில் வெள்ளையாக ஒரு வளையம் பூக்கும். வேர் நடுவில் நல்ல நீரில் இருக்கும். உப்பு வேலிக்கு வெளியே நிற்கும். ஓர் ஒப்பந்தம் போல இது கோடை முழுக்க நீடிக்கும்.

காயிலிருந்து எண்ணெய்க்கு

கன்று நடவில் சொல்ல அதிகம் இல்லை. விதை போட்டால் தாய் ரகம் வராது என்பதால், இளங்கிளைத் துண்டுகளைப் பனிமூட்ட அறையில் வேர்விடச் செய்த கன்றுகளைத்தான் நடுகிறார்கள். சுடுகாற்று ஓய்ந்த பருவத்தில் நட்டு, முட்டுக்கொம்பு கட்டி, மணல்காற்று இளந்தண்டைத் தேய்க்காமல் மறைப்பு வைத்தால் மூன்று, நான்கு வருஷத்தில் முதல் காய் பார்க்கலாம்.

முதல் காயைப் பறித்துக் கடித்தவர் துப்பிவிடுவார். பச்சை ஆலிவின் கசப்பு நாக்கை விட்டுப் போக நேரமாகும். ஒலியூரோப்பின் என்ற பொருளின் வேலை அது. ஊறுகாய்க்கு உப்புநீரில் வாரக்கணக்கில் ஊறப்போட்டு அந்தக் கசப்பை எடுக்கிறார்கள். எண்ணெய்க்கு அந்த வேலை இல்லை. ஆனால் அவசரம் உண்டு. பறித்த காய் குவியலில் கிடந்தால் சூடேறிப் புளிக்கத் தொடங்கும். 24 மணி நேரத்துக்குள் அரைத்துவிட வேண்டும். கொட்டையோடு அரைத்து, கூழை 27 டிகிரிக்கு மேல் சூடேறாமல் மெல்லக் கிளறி, சுழற்றிப் பிரித்தால் எண்ணெய் தனியே வரும். அமிலம் 0.8 சதவீதத்துக்குள் இருந்து, முகர்ந்தும் ருசித்தும் பார்த்ததில் குற்றம் இல்லையென்றால் அதற்குத்தான் எக்ஸ்ட்ரா வர்ஜின் என்று பெயர். லூங்கரன்சரில் தோட்டங்களின் பக்கத்திலேயே ஆலை கட்டியது இந்த அவசரத்துக்காகத்தான்.

பாலைவன வெயில் எண்ணெயின் உள்ளடக்கத்தையும் மாற்றும். ஆலிவ் எண்ணெயின் மதிப்பு அதிலுள்ள ஒலேயிக் அமிலத்தில் இருக்கிறது. சர்வதேசத் தரம் நெடுங்காலம் அது 55 முதல் 83 சதவீதம்வரை இருக்க வேண்டும் என்றது. காயில் எண்ணெய் ஏறும் மாதங்களில் இரவிலும் வெக்கை குறையாத இடங்களில் இந்த அளவு சரிகிறது. அர்ஜென்டினாவின் வடமேற்குப் பள்ளத்தாக்குகளில் அர்பெகினா ரகம் நட்டவர்களுக்கு, கலப்படமே இல்லாத சொந்த எண்ணெய் 55-க்குக் கீழே போய், தாளில் ஆலிவ் எண்ணெயாகவே தகுதி பெறாத நிலை வந்தது. அதே வெயிலில் கோரட்டினா ரகம் நன்றாகத் தாக்குப்பிடித்தது. விளைச்சல் பட்டியலை மட்டும் பார்த்து ரகம் தேர்ந்தெடுப்பவர் இதைக் கவனிக்க வேண்டும். நட்ட மரத்தை எளிதில் மாற்ற முடியாது.

நெகேவில் அறுவடை அக்டோபரிலும் நவம்பரிலும் நடக்கிறது. அந்த வருஷத்தின் முதல் மழையும் அப்போதுதான் வரும். கோடை முழுக்கச் சொட்டுநீர் விட்ட விவசாயி, மழை கண்டதும் வால்வை மூடத்தான் நினைப்பார். அனுபவசாலிகள் அப்போது திறந்துவிடுகிறார்கள். முதல் தூறல் கனமாகப் பெய்யாது. மேற்பரப்பை நனைத்து, ஈர வட்டத்தின் விளிம்பில் ஐந்தாறு மாதமாகச் சேர்ந்து நின்ற அந்த வெள்ளை உப்பு வளையத்தைக் கரைத்து, நேராக வேர் இருக்கும் நடுப்பகுதிக்கு இழுத்துவந்துவிடும். கோடையை வென்ற மரம் ஒரே நாள் தூறலில் இலை கருகும். குழாய் நீர் நடுவிலிருந்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தால் உப்பு உள்ளே வர இடமில்லை. நல்ல மழை பெய்து வளையம் முழுதாகக் கீழே இறங்கும்வரை, நனைந்த தோப்பில் குழாய்கள் சொட்டிக்கொண்டே இருக்கும்.